திமிலும் ஒற்றும்

"உங்கள் ஊரில் கிணறே கிடையாதோ?" என்று கேட்டார் பேராசிரியர். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சிரித்தனர். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நெய்யாறு அணைக்கு அருகே இருக்கிறது கள்ளிக்காடு. ரப்பர் பால் வெட்டும் வேலைக்காக விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து அங்கே குடியேறியவர் என் தந்தை. எங்கள் வீட்டைச் சுற்றியே நான்கு கிணறுகள் உண்டு. அவற்றின் நீரை நானே மொண்டு வந்து சோதித்து, அளவுகளைக் கணிப்பொறியில் ஏற்றியிருந்தேன். முடிவில் அவற்றைக் காணோம்!

காரணம் ஒரே ஓர் எழுத்து. நிரலில் ஒரு பெயருக்குள் இடைவெளி விடக்கூடாது. ஆகவே சொற்களை ஒட்டி, அடுத்த சொல்லின் முதலெழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தாக இடுவர். நடுவே திமில்போல் எழுந்து நிற்பதால் அது 'ஒட்டக முறை'. முதற்சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கினால் 'பாஸ்கல் முறை'. ஜாவாவில் திமில் வழக்கம். பைத்தானில் பெரும்பாலும் கீழ்க்கோடு. 'கிணற்றுநீர்' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதிய நான், 'நீரு'க்குத் திமில் வைத்தேன். என் நண்பர் வைக்கவில்லை. இயந்திரத்துக்கு அவை இரு வேறு பெயர்கள். அவர் கணக்கைக் கூட்டி, என் ஊரை விட்டுவிட்டது.

வேதியியல் பயின்றோர்க்கு இது வியப்பன்று. 'சி' பெரிதாகவும் 'ஓ' சிறிதாகவும் இருந்தால் கோபால்ட் என்னும் உலோகம். இரண்டும் பெரிதானால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று!

2008-இல் வந்த பைத்தான் மூன்றாம் பதிப்பு முதல், தமிழெழுத்திலேயே பெயரிடலாம். ஆனால் தமிழில் பெரிய எழுத்து ஏது? திமிலுக்கு எங்கே போவது? அன்றிரவு அப்பாவின் குரல் நினைவுக்கு வந்தது. பள்ளியில் நான் படித்தது மலையாளம். தமிழ் எழுதப் பழகியது மாலையில் திண்ணையில். "மக்களே, கள்ளிக்காட்டுல அந்த 'க்'கை எங்க தொலச்ச?" என்பார். இந்த ஒற்றால் என்ன பயன் என்று அப்போது சலித்துக்கொள்வேன்.

கள்ளியும் காடும் சேர்ந்தால் 'க்' தோன்றுகிறது. கிணறும் நீரும் சேர்ந்தால் 'ற்' இரட்டிக்கிறது. திமில், சொற்களை ஒட்டிய பின்னும் பிரித்துக் காட்டுகிறது. ஒற்றோ அவற்றைக் கைகோக்க வைக்கிறது. எல்லாப் புணர்ச்சியிலும் எழுத்துத் தோன்றாது என்பது உண்மையே. ஆனால் தோன்ற வேண்டிய இடத்தில் விட்டுவிட்டால், இயந்திரத்துக்கு அது வேறு பெயர்தான்.

நண்பர்களே, திமிலா, கோடா, ஒற்றா? எதுவாயினும் கூடிப் பேசி, குறிப்பேட்டின் முதல் தாளில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பெயரைத் திருத்தியதும் எங்கள் நான்கு கிணறுகளும் கணக்கில் சேர்ந்தன. அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "மெஷினுக்கும் ஒற்று வேணுமா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். இம்முறை நானும் சிரித்தேன்.