மரத்தையும் படிக்கணும்!

நம்ம பக்கத்துல என்னென்ன கார் கம்பெனி இருக்குன்னு கேட்டா மூணாங்கிளாஸ் பையன் கூட சொல்லிடுவான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான்னு ஒவ்வொண்ணா கார் செய்ய ஆரம்பிச்சாங்க. ஆனா கம்பெனிகளுக்கு வெளிநாட்டிலிருந்து வர்ற சாமான் எதில் வருதுன்னு கவனிச்சிருக்கீங்களா? நிறைய சாமான் மரப்பெட்டியிலும் பேலட்டிலும்தான் வருது. காலியானதும் அந்தப் பலகைகள் ரோட்டோரப் பழைய மரக் கடைக்கு வந்துடும். அதில் நிறைய பைன் மரம். லேசா இருக்கும், அறுக்க சுலபம்.

எங்க மாமா (அம்மாவோட தம்பி) ஷிப்ட் வேலைக்குப் போறவர். ஞாயிற்றுக்கிழமை ஆனா ரம்பமும் சுத்தியுமா உட்கார்ந்துடுவார். எங்க ஆயாவுக்கு முட்டி வீக்கம். கீழே குந்தினா எழுந்திருக்க முடியலை. பிளாஸ்டிக் ஸ்டூலும் கால் விரிஞ்சு போச்சு. "நானே ஒண்ணு செய்யறேம்மா"ன்னு மாமா செஞ்சு கொடுத்தார். ரெண்டே வாரத்துல அது ஆட ஆரம்பிச்சது. ஒருநாள் ஆயா உட்காரும்போது ஒரு பக்கம் சாய்ஞ்சுது. நல்லவேளை, சுவரைப் பிடிச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் "எனக்கு ஸ்டூலே வேணாம்"னு திண்ணையோரமா நின்னுக்கிட்டே கீரை ஆய்வாங்க. எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்.

அந்த ஸ்டூலை மாமாவும் நானும் பக்கத்துத் தெரு ஆசாரி தாத்தாகிட்ட தூக்கிட்டுப் போனோம். தாத்தா திருப்பிப் பார்த்துட்டு, "ஆணியை எடுக்கறதுக்கு முன்னாடி மரத்தைப் படிக்கணும்ப்பா"ன்னாரு. அவர் சொன்னதையும், நானா தெரிஞ்சுக்கிட்டதையும் எழுதறேன்.

முதல்ல முத்திரை. பேலட்டில் கோதுமைக் கதிர் படம் போட்டு ஐ.பி.பி.சி.ன்னு சூடு வெச்சிருக்கும். மரத்தோட பூச்சி நாடு விட்டு நாடு போகக் கூடாதுன்னு 2002-ல் வந்த உலக விதி அது. கே.ஆர். இருந்தா கொரியா, சி.என். இருந்தா சீனா, ஐ.என். நம்ம நாடு. எச்.டி.ன்னு இருந்தா மரத்தின் நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிஷம் சூடாக்கினதுன்னு அர்த்தம். எம்.பி.ன்னு இருந்தா மெத்தில் புரோமைடு புகை போட்டது. அது விஷ வாயு, ஓசோன் படலத்துக்கும் ஆகாது. அந்தப் பலகை சமையலறைக்கு வேண்டாம். எண்ணெய், கெமிக்கல் கொட்டின பலகையும் வேண்டாம். கடையில் முத்திரை பார்த்துப் பொறுக்கறது இப்போ என் வேலை!

ரெண்டாவது ஈரம். மாமா வாங்கின பலகை கடையில் மழையில் நனைஞ்சது. மரம் காயும்போது நீளத்தில் அவ்வளவா குறையாது, அகலத்தில்தான் சுருங்கும். அதான் இணைப்பெல்லாம் லூசாப் போச்சு. இந்தத் தடவை ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் குச்சி வெச்சு அடுக்கி, நிழலில் மூணு வாரம் காய வெச்சோம்.

மூணாவது ஆணி. பேலட்டில் இருக்கிற பழைய ஆணியைக் கடப்பாறையால நெம்பினா பலகை பிளந்துடும். இடுக்கில் ஆக்சா பிளேடு விட்டு ஆணியை அறுக்கணும். துரு ஆணி குத்தினா உடனே சோப்பு போட்டுக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க, டி.டி. ஊசி போடணுமான்னு பார்ப்பாங்க. புது ஆணியைப் பலகையின் ஓரத்தில் அடிக்காதீங்க. ஒரே ரேகையில் ரெண்டு ஆணியும் கூடாது. கூர் முனையைச் சுத்தியால லேசா தட்டி மழுக்கிட்டு அடிச்சா பிளக்காது. கூர்முனை நாரைப் பிரிச்சுத் தள்ளும், மழுங்கின முனை நாரை நசுக்கிட்டு இறங்கும். சின்னதா ஓட்டை போட்டுட்டு அடிச்சா இன்னும் நல்லது.

நாலாவது சதுரம். இங்கேதான் நம்ம கணக்குப் பாடம் வருது! எதிர்ப் பக்கங்கள் சமமா இருந்தா மட்டும் சட்டம் நேரா இருக்குன்னு சொல்ல முடியாது, சாய்ஞ்ச இணைகரமா கூட இருக்கலாம். ரெண்டு மூலைவிட்டமும் சமமா இருந்தாத்தான் செவ்வகம். பழைய ஸ்டூலில் மூலைவிட்டம் அரை அங்குலம் வித்தியாசம் இருந்தது. நான் டேப் பிடிச்சுச் சொன்னதும் மாமா, "அட, இதைத்தான் ஸ்கூல்ல சொல்லித் தர்றாங்களா?"ன்னு சிரிச்சார்.

கடைசியா கால். ஆடுற ஸ்டூலுக்கு நெட்டையா தெரியற காலை அறுப்பாங்க, அப்புறம் அடுத்த கால் நெட்டையாகும். இப்படியே அறுத்தா ஸ்டூல் மணையா மாறிடும்! தாத்தா சொன்ன வழி இது: சமமான தரையில் வெச்சு, குட்டைக் காலுக்கு அடியில் சில்லு கொடுத்து ஆடாம நிறுத்தணும். ஒரு சின்னக் கட்டை மேல பென்சிலை வெச்சு, தரையோட நகர்த்தி நாலு காலிலும் கோடு போடணும். அந்தக் கோட்டில் அறுக்கணும். எங்களுக்கு ஒரு நூல்தான் வித்தியாசம் இருந்தது.

உயரத்துக்கு ஆயாவோட முட்டியிலிருந்து தரை வரைக்கும் நானே அளந்தேன், 15 அங்குலம். உப்புத்தாளை ரேகை போற பக்கமா தேய்ச்சதும் நான்தான். பக்கத்து வீட்டுக்காரங்க, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி இந்த வேலை?"ன்னு கேட்டாங்க. ஆயாவே, "எனக்குத்தான் செய்யுது, செய்யட்டும்"னு சொல்லிட்டாங்க.

ஸ்டூல் ரெடியானதும் ஆயா கிட்ட வரலை. "நீ மொதல்ல குந்து பாப்பா"ன்னாங்க. உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினேன். அப்புறம் மாமா உட்கார்ந்தார். அதுக்கப்புறம்தான் ஆயா என் தோளைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா உட்கார்ந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சுத் தோளிலிருந்து கையை எடுத்துட்டாங்க.

முட்டி வலி போகலை. ஆனா இப்போ உட்கார்ந்துதான் கீரை ஆயறாங்க.

நண்பர்களே, அடுத்த முறை பலகையை அடுப்பில் வைக்கறதுக்கு முன்னாடி அந்தக் கோதுமைக் கதிரைத் தேடிப் பாருங்க. எம்.பி. பலகையை எரிக்கவும் வேண்டாம். நல்ல பலகை கிடைச்சா உங்க வீட்டு ஆயாவுக்கு என்ன வேணும்னு கேளுங்க. டேப் பிடிக்க ஆள் வேணும்னா என்னைக் கூப்பிடுங்க!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி