பாதியில் நின்ற பாட்டு

உங்கள் சொந்தத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோன ஒருத்தராவது இருப்பார். இல்லையென்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடலாமா, வேண்டாமா என்று யோசிக்கும்போது மட்டும் ஞாபகத்துக்கு வருகிற மனிதர். எனக்கு அப்படி ஒருத்தர் நாலு வருஷம் இருந்தார். வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அண்ணன்.

காரணம்? எல்லார் வீட்டிலும் இருக்கிற காரணம்தான். அப்பா போன பிறகு மேற்கு மாம்பலம் வீடு. விற்கலாம் என்றேன் நான். கூடாது என்றான் அவன். அண்ணி ஒன்று சொல்ல, என் மனைவி ஒன்று சொல்ல, 2001-ல் வக்கீல் நோட்டீஸ் போனது. அனுப்பியது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான்.

அந்த அண்ணன்தான் எனக்கு 'பிங்க் ஃப்ளாய்டை' அறிமுகப்படுத்தியவன். வருஷம் 1983. நான் எட்டாம் வகுப்பு, அவன் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். அப்போதெல்லாம் ரெக்கார்டிங் கடையில் காலி கேசட்டைக் கொடுத்துவிட்டு வந்தால், ஒரு வாரத்தில் கேட்ட பாட்டைப் பதிந்து தருவார்கள். அண்ணன் கொடுத்தது 90 நிமிஷ கேசட். ஒரு பக்கத்துக்கு 45 நிமிஷம். அவன் கேட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' சுமார் 43 நிமிஷம்தான். மிச்சமிருந்த இரண்டு நிமிஷத்தை வீணாக்க மனசு வராமல் கடைக்காரர் 'இளைய நிலா'வைப் போட்டு நிரப்பியிருந்தார். பாதிப் பாட்டில் டேப் தீர்ந்து 'டக்'கென்று நிற்கும்.

அந்த ஆல்பத்தில் ஓர் இடத்தில் ஏகப்பட்ட கடிகாரங்கள் ஒரே நேரத்தில் அலாரம் அடிக்கும். முதல் தடவை அதைக் கேட்டபோது அப்பா தூக்கத்திலிருந்து எழுந்து, பால் வாங்கப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்போது மத்தியானம் மணி மூன்று! அண்ணனும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பாட்டுக்கு வரிக்கு வரி அர்த்தம் சொன்னவனும் அவன்தான். பாதி அர்த்தம் அவனே கட்டியது என்பது பின்னால் தெரிந்தது.

ராக் இசையெல்லாம் எனக்கு ஆகாது என்பவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. ரோஜர் வாட்டர்ஸ், டேவிட் கில்மோர், ரிச்சர்ட் ரைட், நிக் மேசன். இந்த நாலு பேர்தான் அந்தக் குழு. இவர்களுக்கு முன்னால் சிட் பாரெட் என்று ஒருத்தர் இருந்தார். குழுவைத் தூக்கி நிறுத்தியதே அவர்தான். மனநிலை குலைந்து 1968-ல் வெளியேறினார். 1975-ல், அவரை நினைத்து எழுதிய பாட்டின் வேலை நடந்துகொண்டிருந்தபோது, தலையையும் புருவத்தையும் மழித்த ஒரு குண்டு மனிதர் ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றாராம். யாரோ என்று நினைத்தார்கள். அது சிட் பாரெட்! கூட இருந்தவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை.

மிச்சமிருந்தவர்களும் ஒற்றுமையாக இருக்கவில்லை. 'தி வால்' ஆல்பம் செய்த சமயத்திலேயே ரைட்டை வெளியே தள்ளினார் வாட்டர்ஸ். 1985-ல் அவரே விலகினார். மறுவருஷம், 'பிங்க் ஃப்ளாய்ட் என்ற பெயரை மற்றவர்கள் பயன்படுத்தக் கூடாது' என்று கோர்ட்டுக்குப் போனார். அங்கேயும் வக்கீல் நோட்டீஸ்தான். நம் ஊரில் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965-ல் பிரிந்தார்கள். முப்பது வருஷம் கழித்து 1995-ல் ஒரு படத்துக்காகச் சேர்ந்தார்கள். இவர்கள் அப்படிச் சேருவார்கள் என்று யாரும் கனவுகூடக் காணவில்லை.

2005 ஜூன். ஆபீஸ் வேலையாக லண்டனில் இருந்தேன். ஈஸ்ட் ஹாமில் குண்டூர்க்காரர் ஒருத்தரோடு ஒரு ரூம். ஆப்பிரிக்காவின் வறுமைக்காகக் குரல் கொடுக்க, பாப் கெல்டாஃப் 'லைவ் 8' என்று உலகம் முழுக்கக் கச்சேரிகள் ஏற்பாடு செய்தார். லண்டனில் ஹைட் பார்க், ஜூலை 2. கில்மோரைக் கூப்பிட்டபோது முதலில் முடியாது என்றாராம். பிறகு வாட்டர்ஸே அவருக்கு ஃபோன் செய்தார். அந்த ஒரு ஃபோனில் காரியம் நடந்தது. ஜூன் 12-ம் தேதி அறிவிப்பு வந்தது. நாலு பேரும், 1981-க்குப் பிறகு முதல் தடவையாக, ஒரே மேடையில்!

டிக்கெட் இலவசம். ஆனால் குலுக்கல். ஒன்றரை பவுண்டு கொடுத்து மொபைலில் பதில் அனுப்ப வேண்டும். 20 லட்சம் மெசேஜுக்கு மேல் குவிந்தன. கொடுத்தது 66,500 ஜோடி டிக்கெட். வாழ்க்கையில் ஒரு குக்கர்கூடக் குலுக்கலில் விழாத எனக்கு இது விழுந்தது.

ஜோடி டிக்கெட். இரண்டாவது யாருக்கு? அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் குண்டூர்க்காரர் வந்தார். அவருக்கு மடோனா.

மத்தியானம் ஆரம்பித்த கச்சேரி. மேடைக்கு எதிரே சுமார் இரண்டு லட்சம் பேர். ஒவ்வொருத்தராக வந்து பாடி, நேரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனது. கால் கடுத்தது. பாத்ரூம் போனால் இடம் போய்விடும் என்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இரவு பதினொரு மணி வாக்கில் மேடை இருண்டது. ஸ்பீக்கரிலிருந்து இதயத் துடிப்பு கேட்டது. லப்... டப்...

சார், அது மேற்கு மாம்பலம் வீட்டு ஹாலில் கேட்ட சத்தம். என் பக்கத்தில் நின்ற, அறுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் துடைத்துக்கொள்ளக் கண்ணாடி இல்லை. சட்டைக் கைதான்.

நாலு பேரும் வயசாகித்தான் போயிருந்தார்கள். கில்மோர் முகத்தில் சிரிப்பே இல்லை. வாட்டர்ஸ் மட்டும் சந்தோஷம் தாங்காமல், தன் பாட்டு இல்லாத இடத்திலும் வாயசைத்துக்கொண்டிருந்தார். 'மணி' பாட்டு முடிந்ததும் மைக்கில் பேசினார். இத்தனை வருஷம் கழித்து இந்த மூன்று பேரோடு நிற்பது நெகிழ்ச்சியாக இருக்கிறது என்றார். இங்கே இல்லாத எல்லாருக்காகவும் வாசிக்கிறோம், முக்கியமாக சிட்டுக்காக என்றார். அடுத்து 'விஷ் யூ வேர் ஹியர்'. தலைப்பே போதும், அர்த்தம் சொல்ல அண்ணன் தேவையில்லை.

என் மொபைலில் பேலன்ஸ் இல்லை. குண்டூர்க்காரரின் மொபைலைப் பிடுங்கினேன். நம்பர் மனப்பாடம், எங்கள் வீட்டு லேண்ட்லைன்தானே! லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டேன். மூன்றாவது தடவை மணி அடித்தது. இந்தியாவில் அப்போது விடியற்காலை மூன்றரை.

"ஹலோ, யாரு?" பயந்த குரல். அந்த நேரத்து ஃபோன் என்றால் யாருக்கும் சாவுச் செய்திதான் நினைவுக்கு வரும்.

"ண்ணா... நான்தான். ஒண்ணும் பேசாதே. கேளு."

மொபைலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். அடுத்து 'கம்ஃபர்டப்ளி நம்ப்'. கில்மோரின் கிடார் அழுதது. கை மரத்துப்போனது. கீழே இறக்கவில்லை. வாசித்து முடித்ததும் கில்மோர் ஒரு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். வாட்டர்ஸ் கையைக் காட்டிக் கூப்பிட்டார். ஒரு தயக்கம். பிறகு திரும்பி வந்தார். நாலு பேரும் தோளில் கை போட்டுக் கட்டிக்கொண்டார்கள்.

மொபைலைக் காதில் வைத்தேன். லைன் இருந்தது. மூச்சு கேட்டது.

"ண்ணா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் சொன்னான்: "இதுக்கப்புறம் இளைய நிலா வரணுமேடா."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "பில் ஏறும், வை" என்று அவனே வைத்தான்.

குண்டூர்க்காரரிடம் ஃபோன் காசையும் கொடுத்து, அவர் டிக்கெட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஐந்து நாள் கழித்து, ஜூலை 7 காலையில், லண்டன் சுரங்க ரயில்களிலும் ஒரு பஸ்ஸிலும் குண்டு வெடித்து 52 பேர் செத்துப்போனார்கள். நான் ஆபீஸிலிருந்து நடந்தே ரூமுக்கு வந்தேன். உள்ளே நுழையும்போது லேண்ட்லைன் அடித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து முயற்சி செய்தானாம். "வீடு கிடக்குதுடா, நீ இருக்கேல்ல" என்றான். ஜூலை 2-ம் தேதி நான் கூப்பிட்டிருக்காவிட்டால் அவன் கூப்பிட்டிருப்பானா? இந்தக் கேள்வியை இன்றுவரை அவனிடம் கேட்டதில்லை.

இப்படி முடிந்தால் சினிமா. நிஜத்தில், வீட்டை விற்க இன்னும் இரண்டு வருஷம் ஆனது. விலை குறைவு என்று இப்போதும் குத்திக்காட்டுகிறான். அந்த நாலு பேரும் மறுபடி ஒன்றாக ஒரு மேடையில் வாசிக்கவே இல்லை. சிட் பாரெட் 2006 ஜூலையில் போனார், ரைட் 2008 செப்டம்பரில். கோர்ட்டுக்குப் போனது தப்புதான் என்று 2013-ல் வாட்டர்ஸ் ஒப்புக்கொண்டார். ஆனாலும் அவருக்கும் கில்மோருக்கும் நடுவில் உரசல் ஓயவில்லை. அவர்கள் கூடியிருந்தது இருபது நிமிஷமும் கொஞ்சமும்தான். சமாதானம் என்றால் காலத்துக்கும் நீடித்தால்தான் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இருபது நிமிஷம் நடக்காமலே ரைட் போயிருந்தால் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த இரண்டாவது டிக்கெட் அண்ணனிடம்தான் இருக்கிறது. பழைய கேசட் டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிறான். கேசட் இப்போது ஓடாது. ஓடினாலும் பாதியில்தான் நிற்கும்.

உங்களுக்கும் ஒரு நம்பர் மனப்பாடமாக இருக்குமே? மணி என்ன என்றெல்லாம் பார்க்காதீர்கள்.