குடல் சொல்லும் செய்தி

மலத்தைப் பற்றி நால்வர் நடுவே பேச நம்மவர் கூசுவர். மம்சாபுரத்தில் எங்கள் இல்லத்திலும் அப்படித்தான் இருந்தது. தம்பிக்குப் பெருங்குடல் அழற்சி நோய் கண்ட பின்னரே அக்கூச்சம் எங்களை விட்டு அகன்றது.

தொடக்கத்தில் இந்நோய் சீதபேதி போலவே தோன்றும். வயிற்றுவலியும் இரத்தம் கலந்த கழிச்சலும் ஆளை உருக்கிவிடும். ஆயின் இது சில நாள் மருந்தில் ஒழிவதன்று. அடங்கும், மீண்டும் தலைதூக்கும். ஓராண்டு மருந்துண்டு தம்பி தேறினான். வயல் வேலைக்கும் போகத் தொடங்கினான். "உடம்புதான் நன்றாயிருக்கிறதே, அண்ணே! இனி மாத்திரைக்கு ஏன் வீண் செலவு?" என்றான். அம்மாவும் அவன் பக்கமே பேசினார்கள்.

மதுரையில் மருத்துவர் உடனே விடை கூறவில்லை. மலத்தில் கால்ப்ரொடெக்டின் அளவைப் பார்த்து வரச் சொன்னார். அது நம் வெள்ளையணுக்களில் உள்ள ஒரு புரதம். குடலின் உட்சுவர் அழலும்போது வெள்ளையணுக்கள் அங்கே திரண்டு குடலுக்குள் கசியும். அப்புரதம் மலத்தோடு வெளிவரும். 1980-இல் நார்வே நாட்டு ஆய்வாளர்கள் அதைப் பிரித்தறிந்தனர். மலத்தில் அதை அளக்கும் முறையை 1992-இல் அந்நாட்டவரே வெளியிட்டனர். ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் பொதுவாக அழற்சி இல்லையென்பர். சிகிச்சை பெறுவோர்க்கு அது 100 முதல் 250 வரையிலான அளவுக்கேனும் இறங்கவேண்டும் என்று 2021-இல் பன்னாட்டு வல்லுநர்கள் இலக்கு வகுத்தனர்.

தம்பிக்கு வந்த எண் 640! நலமென்று உணர்வது வேறு, குடல் ஆறுவது வேறு என்பதை அன்று கண்டோம். அவன் நிறுத்த எண்ணிய மாத்திரையின் அளவை மருத்துவர் கூட்டினார். மூன்று திங்களில் எண் 180 ஆயிற்று. அடுத்த முறை 70. அம்மா அன்றுதான் நிம்மதியாக உறங்கினார்கள்.

எனினும் இந்த எண் ஒன்றே முடிவான தீர்ப்பன்று. குடல் தொற்றும், சிலவகை வலி மாத்திரைகளும் அதை உயர்த்தக்கூடும். உட்கொள்ளும் மருந்துகளையெல்லாம் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். குடல் காசநோயும் இதே குறிகளைக் காட்டுவதால், இன்ன நோயென்று முதலில் உறுதிசெய்யக் குழாய் செலுத்தி உட்குடலைப் பார்ப்பதும், சிறு திசு எடுத்துச் சோதிப்பதும் தேவைப்படும். அதன்பின் சிகிச்சை பலிக்கிறதா என்று அவ்வப்போது அறிய, குழாயின் துன்பமின்றி இச்சோதனை பெரிதும் உதவும்.

நம் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் வெட்கத்தால் இரத்தப்போக்கை மறைத்து மெலிகின்றனர். அவர்களிடம் நாமே முதலில் கேட்போம். சற்றுத் தேறியவுடன் மருந்தை நிறுத்தத் துடிப்பவரிடம், குடலையும் ஒரு வார்த்தை கேட்டு வரச் சொல்வோம்.