எங்கள் இரு காமிராக்கள்

ஆண்டு மலர் கைக்கு வந்ததும் நீங்கள் முதலில் தேடுவது படங்களைத்தான் என்பதை நாங்கள் அறிவோம். நாங்களும் அப்படியே. வகுப்புப் படத்தில் எந்த வரிசையில் நிற்கிறோம், கண்ணை மூடிவிட்டோமா, முன்னால் நிற்பவள் நம்மை மறைத்துவிட்டாளா என்று பார்த்துத் தீர்த்த பிறகே கட்டுரைகளின் பக்கம் மனம் செல்லும். இவ்வாண்டு அந்தப் படங்களை எடுக்கும் பொறுப்பு மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவியர் நால்வரான எங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அதனால் நாங்கள் கற்றதையும், ஒரு நாள் தவறியதையும் இங்கே எழுதுகிறோம்.

எங்களுக்குக் கிடைத்தவை இரண்டு காமிராக்கள். ஒன்று, பழைய மாணவி ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் பள்ளிக்கு அன்பளித்த நிக்கான் டி90. இது 2008ஆம் ஆண்டில் வெளிவந்த மாதிரி. அலுவலக அலமாரியில் கருப்புப் பைக்குள் உறங்கிக்கொண்டிருந்தது. மற்றொன்று 2019இல் வெளிவந்த நிக்கான் இசட்50. இது எங்களுள் ஒருத்தியின் தந்தையுடையது. அவர் எங்கள் ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். திருமணங்களுக்குப் படம் எடுப்பவர். "ரெண்டையும் வெச்சு எடுத்துப் பாருங்கம்மா. அப்பத்தான் வித்தியாசம் புரியும்" என்று சொல்லித் தம் காமிராவை எங்களை நம்பிக் கொடுத்தார்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? ஒரு சிறு கண்ணாடியில் இருக்கிறது.

பழைய காமிராவின் லென்ஸைக் கழற்றினால் உள்ளே சாய்வாக நிற்கும் ஒரு கண்ணாடி தெரியும். லென்ஸ் வழியே வரும் ஒளி அதில் பட்டு மேல்நோக்கித் திரும்பி, ஐங்கோணப் பட்டகம் ஒன்றில் புகுந்து நம் கண்ணை அடைகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பி வழிவிடுகிறது. அதன்பின் ஷட்டர் திறக்கிறது. ஒளி பின்னாலுள்ள உணர்தகட்டில் விழுந்து படமாகிறது. கண்ணாடி மீண்டும் கீழே இறங்குகிறது. இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடுகின்றன. அப்போது எழுவதுதான் "கிளக்" என்னும் அந்த ஓசை. படம் பதிவாகும் அந்த நொடியில் மட்டும் எடுப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடி மேலே போய்விடுவதால் காட்சி இருண்டுவிடும். தாம் எடுத்த படத்தைத் தாமே காணாத காமிரா அது என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம்.

புதிய காமிராவில் அந்தக் கண்ணாடியே கிடையாது. ஒளி எப்போதும் நேராக உணர்தகட்டில் விழுந்துகொண்டிருக்கிறது. தகடு காண்பதை ஒரு சிறு மின்திரை நமக்குக் காட்டுகிறது. 23 இலட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள் கொண்ட அத்திரை பெருவிரல் நகத்தைவிடச் சிறியது. படம் எப்படி வரப்போகிறதோ அப்படியே அதில் முன்கூட்டித் தெரிகிறது. வெளிச்சம் மிகுந்தால் வெளுத்துத் தெரியும், குறைந்தால் இருண்டு தெரியும். எடுக்கும் முன்பே திருத்திக்கொள்ளலாம்.

கண்ணாடியை எடுத்துவிட்டதால் வந்த நன்மைகள் பல. கண்ணாடி எழும்பி இறங்க இடம் வேண்டுமாதலால் பழைய காமிராவில் லென்ஸ் பொருந்தும் வாய்க்கும் தகட்டுக்கும் இடையே 46.5 மில்லிமீட்டர் தூரம் உண்டு. நிக்கான் நிறுவனம் 1959இல் எஃப் என்னும் காமிராவோடு கொண்டுவந்த அளவு அது. புதிய காமிராவில் அத்தூரம் 16 மில்லிமீட்டர்தான். ஆகவே அது மெலிந்துவிட்டது. மின்கலமும் லென்ஸும் இல்லாமல் பழையது 620 கிராம், புதியது 395 கிராம். விளையாட்டு விழா அன்று காலை முதல் மாலை வரை கழுத்தில் தொங்கவிட்டவளுக்கே இந்த வேறுபாட்டின் பொருள் விளங்கும்.

ஏனைய எண்களையும் சொல்லிவிடுகிறோம். பழையது ஒரு கோடியே 23 இலட்சம் புள்ளிகளாலான படத்தைத் தரும். புதியது இரண்டு கோடியே 9 இலட்சம். பழையது நொடிக்கு 4.5 படங்கள் எடுக்கும், புதியது 11. குவியம் பார்க்கப் பழையதில் 11 இடங்கள், புதியதில் 209. அதோடு புதியது மனித முகத்தையும் கண்ணையும் தானே கண்டுபிடித்துத் தொடர்ந்துகொண்டே போகும். நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாக வந்த எங்கள் தோழியைப் பழைய காமிராவால் எடுத்தபோது அவளுக்குப் பின்னாலிருந்த வேப்பமரம் மிகத் தெளிவாக விழுந்திருந்தது! புதியதில் அவள் இமை முடிகளையே எண்ணலாம்.

இதைப் படித்ததும், "அப்படியானால் பழையதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட வேண்டியதுதானே" என்று கேட்பீர்கள். பொறுங்கள். புதியதற்கும் குறைகள் உண்டு.

முதலாவது மின்கலம். ஒளியும் கண்ணாடியும் கூலி கேட்பதில்லை; மின்திரையோ பார்க்கும் நேரமெல்லாம் மின்சாரத்தை உண்கிறது. ஒருமுறை மின்னேற்றினால் பழையது 850 படங்கள் வரை எடுக்கும் என்பது கணக்கு. புதியதற்கு அது ஏறக்குறைய 300தான். ஆண்டு விழா மாலையில் பரிசளிப்பு பாதியில் இருக்கும்போதே புதியது கண்ணை மூடிக்கொண்டது. மறு மின்கலத்தைக் கொண்டுவர மறந்த குற்றம் எங்களுடையதே. எஞ்சிய பரிசுகளையெல்லாம் பழைய காமிராதான் பதிவு செய்தது.

இரண்டாவது, ஓசையின்றி எடுக்கும் வசதி. புதிய காமிராவில் ஷட்டரை அசைக்காமல் மின்னணு முறையிலேயே சிறிதும் சத்தமின்றிப் படம் எடுக்கலாம். ஆனால் அப்போது தகடு மேலிருந்து கீழாக வரிவரியாகத்தான் காட்சியைப் படிக்கிறது. அதற்குள் பொருள் நகர்ந்துவிட்டால் உருவம் வளைந்துபோகும். கோலாட்டம் ஆடிய சிறுமியரின் கோல்கள் எங்கள் படத்தில் வில்லாக வளைந்திருந்தன. குழல் விளக்கின் கீழே எடுத்த சில படங்களில் கருங்கோடுகள் விழுந்தன. எந்த வசதியை எங்கே பயன்படுத்துவது என்று தெரிந்துகொள்ளாமல் பொத்தானைத் தட்டியதன் பலன் அது.

பழையதன் குறையும் ஒன்று உண்டு. அதன் கண்துளையில் தெரிவது படத்தின் அகலத்திலும் உயரத்திலும் ஏறக்குறைய 96 விழுக்காடுதான். ஓரத்தில் எஞ்சிய பகுதி நமக்குத் தெரியாமலே படத்தில் சேர்ந்துகொள்ளும். ஆசிரியர்களின் குழுப்படத்தில் வலது ஓரமாக ஒரு துடைப்பம் கம்பீரமாக நின்றுகொண்டிருந்ததற்குக் காரணம் இதுவே. அதைக் கண்டு எங்கள் தமிழாசிரியை கோபிக்கவில்லை. "அதுவும் நம் பள்ளியில் வேலை செய்வதுதானே" என்று சொல்லிச் சிரித்துவிட்டார்.

இவையெல்லாம் கருவியைப் பற்றியவை. இனி நாங்கள் சொல்ல விரும்பிய செய்திக்கு வருகிறோம்.

எங்கள் பள்ளியில் 34 ஆண்டுகள் மணி அடித்து வந்த ஆயாம்மா இவ்வாண்டு ஓய்வு பெற்றார். காலை இறைவணக்கத்துக்கு, இடைவேளைக்கு, மதிய உணவுக்கு, கடைசியில் எல்லோரும் காத்திருக்கும் அந்த நெடுமணிக்கு என அவர் கை ஓய்ந்ததே இல்லை. எங்களில் இருவருடைய அன்னையரும் அவர் அடித்த மணிக்கு ஓடிவந்தவர்களே. பிரிவுபசார நாளில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், சிறுமியர் பாடினார்கள், அவர் எல்லோருக்கும் கைகூப்பிச் சிரித்தபடியே இருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

கூட்டம் கலைந்தபின் நாங்கள் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தோம். ஆயாம்மா தனியே நடந்து மணிக்கூண்டின் அடியில் வந்து நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மணிக்கயிற்றை இரு கைகளாலும் பற்றி, அதில் நெற்றியைச் சாய்த்து அழத் தொடங்கினார். எங்கள் கையில் புதிய காமிரா இருந்தது. ஓசையில்லா வசதியும் முடுக்கியே இருந்தது. ஏழு படங்கள் எடுத்தோம். தூணுக்குப் பின்னாலிருந்த எங்களை அவர் அறியவில்லை.

அந்தப் படங்கள் எவ்வளவு அழகாக இருந்தன என்று எழுதுவது எளிதன்று. மாலை வெயில், நரைத்த தலை, நைந்த கயிறு, அதைப் பற்றிய கைகள். இந்த மலரில் ஒரு முழுப் பக்கம் அதற்கே என்று நாங்கள் நால்வரும் முடிவு கட்டிவிட்டோம். பரிசு கிடைக்கும் என்றுகூட ஒருத்தி சொன்னாள்.

மலர்க் குழுவின் பொறுப்பாளரான அருட்சகோதரியிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்பு, "ரொம்ப நல்லா எடுத்திருக்கீங்க. இது ஆயாம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது சிஸ்டர். சத்தமே வராத மாதிரி வெச்சு எடுத்தோம்" என்று பெருமையோடு சொன்னோம்.

அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. காமிராவை எங்களிடமே திருப்பிக் கொடுத்தார். "போய் அவங்களையே கேட்டுட்டு வாங்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு காமிராக்களையும் எடுத்துக்கொண்டு ஆயாம்மாவின் வீட்டுக்குப் போனோம். அவர் பாயை விரித்து உட்கார வைத்து, எங்களுக்குக் கடுங்காப்பி கொடுத்தார். நாங்கள் காமிராவின் திரையில் படத்தைக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு கண்ணு. ஆனா இது நான் யாருக்கும் காட்டாம அழுதது. இதைப் புஸ்தகத்துல போடணுமா?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கோபமாகக் கேட்டிருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லியிருப்போம். அவர் எங்களிடம் அனுமதி கேட்பவரைப் போலக் கேட்டார். அவர் எதிரிலேயே ஏழு படங்களையும் ஒவ்வொன்றாக அழித்தோம். ஏழாவதை அழிக்கும்போது எங்களில் ஒருத்தியின் விரல் தயங்கியது. உண்மையைச் சொன்னால், எங்கள் நால்வருக்குமே மனம் கனத்தது. அவ்வளவு நல்ல படத்தை இனி நாங்கள் எடுப்போமோ, மாட்டோமோ!

"மூஞ்சி வாடிப்போச்சே! இப்ப ஒண்ணு எடுங்க. நான் சேலையை மாத்திட்டு வர்றேன்" என்று அவரே சொன்னார்.

வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு. பள்ளியின் பையில் 50 மில்லிமீட்டர் பழைய லென்ஸ் ஒன்று இருந்தது. அதன் வாய் அகலமாகத் திறக்கும். மங்கிய ஒளியிலும் எடுக்கலாம். ஆனால் அந்த லென்ஸுக்குள் மோட்டார் இல்லை. காமிராவில் உள்ள மோட்டார்தான் அதைத் திருகிக் குவியம் பார்க்க வேண்டும். புதிய காமிராவில் அம்மோட்டார் கிடையாது. இணைப்பு வளையம் போட்டு மாட்டினாலும் கையால்தான் திருக வேண்டும். பழைய டி90இலோ மோட்டார் உள்ளேயே இருக்கிறது. ஆகவே அதையே எடுத்தோம்.

"கிளக்" என்றது. சன்னலோரம் விறைப்பாக நின்ற ஆயாம்மா, "எடுத்தாச்சா?" என்று கேட்டார். "எடுத்தாச்சு ஆயாம்மா" என்றதும் தோள் தளர்ந்து வாய்விட்டுச் சிரித்தார். அந்த நேரத்தில் மீண்டும் ஒரு "கிளக்". "இது எதுக்கு?" என்று மேலும் சிரித்தார். இம்மலரில் நீங்கள் காணும் படம் அந்த இரண்டாவது படம்தான். அச்சுக்குத் தரும் முன் அவரிடம் காட்டிச் சம்மதம் பெற்றோம்.

வீடு திரும்பும் வழியில் நாங்கள் நால்வரும் இதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். பழைய காமிரா எழுப்பும் ஓசையைக் குறை என்றே அதுவரை எண்ணியிருந்தோம். இப்போது யோசித்தால், "உன்னைப் படம் எடுக்கிறேன்" என்று அது எதிரில் நிற்பவருக்குத் தெரிவித்துக்கொண்டே இருந்திருக்கிறது. விரும்பாதவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், விரும்புபவர் சிரிக்கலாம். புதிய காமிராவுக்கு அந்தக் குரல் தேவையில்லை. ஆகவே அந்த வேலை நம் தலையில் விழுந்திருக்கிறது. காமிரா மௌனமாக இருக்கும்போது நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

ஓசையின்மை தீமை என்று நாங்கள் சொல்லவில்லை. ஜெப நேரத்தில், தேர்வு அறையில், மழலை வகுப்புக் குழந்தைகள் உறங்கும் மதியத்தில் அது பெரிய உதவி. மங்கிய ஒளியிலும் ஓடும் கால்களுக்கும் புதிய காமிராவே சிறந்தது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. பணம் சேர்த்துப் பள்ளிக்கு ஒன்று வாங்க வேண்டும் என்று தலைமையாசிரியை அவர்களிடம் விண்ணப்பமும் கொடுத்திருக்கிறோம். இன்று நம் வீடுகளில் உள்ள கைபேசிகளும் ஒரு வகையில் கண்ணாடியில்லாக் காமிராக்களே. அவற்றையும் ஓசையின்றி வைத்து எடுக்க முடிகிறது. ஆகையால் இது நால்வரின் கதை மட்டுமன்று.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் என்று போற்றப்படுபவர் ஹோமாய் வியாரவாலா (1913–2012). 2011இல் பத்ம விபூஷண் விருது பெற்றவர். அவர் பயன்படுத்திய காமிராக்களுள் ஒன்று ரோலிஃபிளெக்ஸ். அதில் ஒரு சுருளுக்கு 12 படங்களே எடுக்கலாம். நாங்களோ ஆண்டு விழா ஒன்றிலேயே அறுநூறுக்கு மேல் எடுத்துத் தள்ளினோம். எடுக்கும் முன் எண்ணுவதற்கு அந்தப் 12 அவரைப் பழக்கியிருக்கும். எங்களை அந்த ஏழு பழக்கின.

பழைய டி90 மீண்டும் அலுவலக அலமாரிக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டு மலருக்குப் படம் எடுக்கப்போகும் தங்கையரே, அதன் பைக்குள் நாங்கள் ஒரு சீட்டு வைத்திருக்கிறோம். மறு மின்கலத்தை மறவாதீர்கள், ஓரத்தில் துடைப்பம் நிற்கிறதா என்று பாருங்கள், எடுக்கும் முன் கேளுங்கள் என்று அதில் எழுதியிருக்கிறோம்.

— மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவியர் நால்வர்