40 நிமிடம் உட்காருங்கள்... பாலமும் பேசும், தாத்தாவும் பேசுவார்!

டூர் போய் வந்து ஒரு மாதம் கழித்து, 'அங்கே என்ன பார்த்தீங்க?' என்று யாராவது கேட்டால், நம்மில் பலர் மொபைலைத்தான் எடுத்து நீட்டுவோம். படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆனால், அந்தக் கோபுரத்துக்கு எத்தனை நிலை, அந்தக் கடற்கரை மணல் என்ன நிறம் என்று கேட்டால், திரும்பவும் மொபைலைத்தான் பார்க்க வேண்டும்.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் எனக்கு, தினமும் கணக்கில்லாத புகைப்படங்கள் கண்முன் ஓடும். மாலையில் ஒன்றுகூட மனதில் நிற்காது. அதனால்தான் இரண்டு வருடங்களாக, எந்த ஊருக்குப் போனாலும் பையில் ஒரு ஸ்கெட்ச் நோட்டு வைத்துக்கொள்கிறேன். நான் ஓவியம் படித்தவள் இல்லை. பள்ளியில் இரண்டு மலை, நடுவில் ஒரு சூரியன், கீழே ஒரு குடிசை வரைந்ததோடு சரி.

தமிழ் வார இதழ்களுக்கு இது புதிய விஷயமும் இல்லை. ஓவியர் சில்பி, ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிற்பங்களின் முன்னால் உட்கார்ந்தே வரைந்தவர். 'பொன்னியின் செல்வ'னுக்குப் படம் போட்ட மணியம், கல்கியோடு அஜந்தாவுக்கும் இலங்கைக்கும் பயணம் போனவர். இன்று உலகம் முழுக்கப் பல ஊர்களில் 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' என்ற பெயரில் தெருவில் உட்கார்ந்து வரைகிறார்கள். 2007-ல் அதைத் தொடங்கிய கேப்ரியல் கம்பனாரியோவும் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் இருந்த ஒரு பத்திரிகையாளர்தான்.

பையில் என்ன வேண்டும்?

ரொம்பக் கம்மி. ஒரு 2பி பென்சில், தண்ணீர் பட்டாலும் கரையாத மை உள்ள ஒரு கறுப்புப் பேனா, 12 நிறங்கள் உள்ள வாட்டர் கலர் கேக் டப்பா, நடுத்தர சைஸில் ஒரு பிரஷ், ஒரு பழைய துணி. நோட்டு கைக்கு அடக்கமாக இருக்கட்டும். சாதாரணத் தாளில் தண்ணீர் பட்டால் சுருங்கிவிடும். 200 ஜிஎஸ்எம்-க்கு மேல் கனமுள்ள தாள் என்று கேட்டு வாங்குங்கள். கடற்கரைக்குப் போவதாக இருந்தால் இரண்டு கிளிப் அவசியம். இல்லையென்றால் காற்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருக்கும்.

எங்கே தொடங்குவது?

2025 ஜூனில் தாத்தாவோடு ராமேஸ்வரம் போனேன். அவருக்கு 78 வயது, மதுரைக்காரர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். கோயில், தீர்த்தம் எல்லாம் முடித்து மறுநாள் பாம்பனுக்கு வந்தோம். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. அதன் பக்கத்திலேயே கட்டிய புதிய பாலத்தை 2025 ஏப்ரலில் திறந்தார்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ரயில் ஓடாத பாலத்தை எத்தனை நாளைக்கு விட்டுவைப்பார்கள்? வரைந்துவிடலாம் என்று, கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தோம். வெயிலில் உட்கார்ந்தால் வெள்ளைத்தாள் கண்ணைக் கூசும்.

முதல் வேலை, கடலும் வானமும் சேரும் கோட்டைப் போடுவது. அது எப்போதும் நம் கண் மட்டத்தில்தான் இருக்கும். தாளின் நடுவில் போடாமல், கொஞ்சம் மேலேயோ கீழேயோ போட்டால் படம் நன்றாக இருக்கும். அடுத்து, பென்சிலைப் பிடித்துக் கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளவு பாருங்கள். தூணின் உயரம் பென்சிலில் எவ்வளவு? அதுபோல எத்தனை மடங்கு தூண்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி? தள்ளிப் போகப் போகத் தூண்கள் குட்டையாகும், நெருங்கி வரும்.

இப்படி அளந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. புதிய பாலத்தில் இரண்டு இடைவெளி வருகிற இடத்தில், பழையதில் மூன்று வந்தது. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால், பழையதில் சுமார் 12 மீட்டருக்கு ஒரு தூண், புதியதில் 18 மீட்டருக்கு ஒன்று. கப்பலுக்கு வழிவிடுவதிலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பழையதன் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து, இரண்டு கைகளையும் தூக்குவதுபோலத் திறந்து வந்தது. புதியதில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகும். அதற்காகத்தான் இரண்டு பக்கமும் அந்த உயரமான கோபுரங்கள்.

பக்கத்தில் இருந்தவர்

பத்து நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த தாத்தா, திடீரென்று சொன்னார். ''பாப்பா, தண்ணிய ரொம்பக் கீழ போடாத. அந்த ரயில்ல ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா, காலுக்குக் கீழயே கடல்தான்.''

''நீங்க எப்ப தாத்தா போனீங்க?''

''பன்னண்டு வயசுல. பெரியப்பாவ சிலோனுக்குக் கப்பல் ஏத்தி விட தனுஷ்கோடிக்குப் போனோம்.''

தாத்தாவுக்கு இலங்கையில் ஒரு பெரியப்பா இருந்தார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று ஒரு காலம் இருந்தது. 1964 டிசம்பர் புயல், பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையும் சேர்த்து தனுஷ்கோடியையே கொண்டுபோனது. அதன்பிறகு அங்கே ரயில் போகவே இல்லை.

''அதுக்கப்புறம் பெரியப்பா வரல. கடுதாசி மட்டும் வந்துச்சு. கொஞ்ச வருஷத்துல அதுவும் நின்னுபோச்சு'' என்றவர், கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தூண்களை வரைந்துகொண்டே இருந்தேன். முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் இவ்வளவு சொல்லியிருப்பாரா என்று தெரியவில்லை. செல்ஃபி எடுத்துவிட்டுக் கிளம்பியிருந்தால் ஐந்து நிமிடம். வரைய உட்கார்ந்ததால் 40 நிமிடம். அந்த 40 நிமிடத்தில்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய தாத்தா கிடைத்தார்.

வண்ணம் தீட்டும்போது...

வாட்டர் கலரில் வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் கடைசியில். வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடுங்கள். அலை நுரை, மேகம் எல்லாம் அப்படித்தான். கடல் என்றதும் ஒரே நீலத்தை அப்ப வேண்டாம். நன்றாகப் பாருங்கள், கரையோரம் பச்சை கலந்திருக்கும், தள்ளிப் போனால் நீலம் கூடும். துருப்பிடித்த இரும்புக்குக் காவி நிறம். நிழலுக்குக் கறுப்பைத் தொடாமல், அடர் நீலத்தில் கொஞ்சம் காவியைக் கலந்தால் அழகான சாம்பல் கிடைக்கும். ஒரு நிறம் காய்ந்த பிறகுதான் அடுத்தது.

கூட்டம் கூடுமே என்று கூச்சமா? இரண்டு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆனால், ஒருவரை வரைவதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு வரையுங்கள். கோடு கோணலாகப் போனால் ரப்பரைத் தேட வேண்டாம், பக்கத்திலேயே இன்னொரு கோடு போடுங்கள். இது கண்காட்சிக்கு வைக்கிற படம் இல்லை.

அடுத்த பயணத்தில் எல்லா இடத்திலும் வரைய வேண்டியதில்லை. ஒரே ஒரு இடம் போதும். வீட்டுப் பெரியவர் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். வரைந்து முடித்ததும் ஓரத்தில் ஊர் பெயர், தேதி, அவர் சொன்னதில் ஒரு வரி, மூன்றையும் எழுதி வையுங்கள்.