வேரில் வாழும் துணை

கொண்டாப்பூரில் இன்று வானளாவிய மாளிகைகளே மிகுதி. எனினும், அதனை அடுத்துள்ள கோட்லா விஜயபாஸ்கர ரெட்டி தாவரவியல் பூங்காவினுள் நுழைவோர், கருங்கற் பாறைகளிடையே புல்லும் புதரும் செறிந்த தக்காணத்தின் பழைய நிலத்தைக் காண்பர்.

இவ்வூரில் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் ஆர்க்கிட் மலர்த் தொட்டிகளும் உள. தசரா விடுமுறையில் தாயகம் சென்று உதகைக்கும் ஏறுவோர், அங்குள்ள புல்வெளிகளிலும் ஆர்க்கிட் மலரக் காணலாம். சட்டைரியம் நேபாலென்ஸ் எனப்படும் அச்செடி, மழைக்காலத்தில் நிலத்தடிக் கிழங்கினின்று எழுந்து, இளஞ்சிவப்பு மலர்க்கதிர் தாங்கி நிற்கும். அதனைப் பெயர்த்து வந்து நம் தொட்டியில் நடலாமே என்னும் ஆசை எழுவது இயல்பு. அது கூடாது என்பதற்குரிய காரணம் மண்ணுக்குள் இருக்கிறது.

ஆர்க்கிட்டின் விதை தூசியினும் நுண்ணியது. நெல்லுக்குள் அரிசி இருப்பதுபோல் அதனுள் உணவுச் சேமிப்பு இல்லை. மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சையின் மெல்லிழைகள் விதையினுள் புகுந்து உணவூட்டினாலன்றி அது முளைத்து வளராது. வளர்ந்தபின்னும் அவ்விழைகள் வேரின் உயிரணுக்களில் சுருண்டு கிடக்கும்; செடி அவற்றைச் செரித்து ஊட்டம் கொள்ளும். இவ்வுண்மையை 1899ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார் கண்டறிந்தார். பின்னர், 1922இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த ஊட்டக் கூழில் பூஞ்சையின்றியே விதைகளை முளைக்கச் செய்தார். கடைகளில் விற்கும் ஆர்க்கிட்டுகள் பலவும் அவ்வாறு கண்ணாடிக் குடுவையில் பேணப்பட்ட மரபின. ஆதலின் தொட்டி அவற்றுக்குப் போதும்.

புல்வெளிச் செடியின் நிலை வேறு. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்துக் குளிரும், மழையும், புல்லும், பூஞ்சையும் கூடிய வாழ்வு அது. கிழங்கோடு வரும் ஒரு பிடி மண்ணில் அவையனைத்தும் வந்துவிடா. சீகை மரங்களும் தேயிலையும் பரவி நீலகிரிப் புல்வெளி பெரிதும் சுருங்கிவிட்ட இந்நாளில், பறிக்கப்படும் ஒவ்வொரு கிழங்கும் இழப்பேயாம்.

ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு மொழியும் உறவும் வழித்துணையாய் உடன் வந்தன. அம்மலரின் துணையோ மண்ணிலேயே தங்கிவிடுவது. ஆகவே, அன்பர்களே, நம் மக்களுக்கு அம்மலரை அது நிற்கும் இடத்திலேயே காட்டுவோம். வேரைத் தொடாது மீள்வோம்.