நெகிரி செம்பிலான் மலை வட்டம்

சிரம்பானில் தொடங்கி கோலாப்பிலா, சிம்பாங் பெர்தாங், கோலக்கிளவாங் வழியாகச் சுற்றி மறுபடியும் சிரம்பானுக்கே வந்து சேரும் சாலை நூறு கிலோமீட்டரைத் தாண்டும். தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பான தித்திவங்சா மலைத்தொடர் தெற்கே வந்து தணிந்து முடிவது நெகிரி செம்பிலானில்தான். அந்தத் தொடரை இந்த வட்டம் இரு இடங்களில் கடக்கிறது. போகையில் புக்கிட் புத்துஸ் கணவாய், திரும்புகையில் புக்கிட் தங்கா. இமயத்துக்கோ நீலகிரிக்கோ பழகிய கால்களுக்கு இந்த உயரங்கள் சிறியவை. ஆனால் காலை ஒன்பது மணிக்கே வியர்வை காயாத ஈரக்காற்றில் சைக்கிளில் ஏறுவது வேறு கணக்கு. உயரத்தைப் பார்த்து இந்த மலைகளை எடைபோட்டவர்கள் இரண்டாவது ஏற்றத்தில் இறங்கி வண்டியைத் தள்ளுவார்கள்.

சிரம்பானை விட்டு பாரோய்ப் பக்கம் போகும் முதல் பகுதியில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. சமிக்ஞை விளக்குகள், கடைவீடுகள், வரிசை வீட்டுக் குடியிருப்புகள். இந்தக் குடியிருப்புகளில் பல ஒரு காலத்தில் தோட்டங்களாக இருந்தவை. ரப்பர் தரும் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடு வந்தது. பெயரில் இன்னும் ‘லாடாங்’ என்று தோட்டத்தைச் சுமந்துகொண்டு, சுற்றிலும் ஒரு மரம்கூட இல்லாமல் நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் இந்த மாநிலத்தில் உண்டு. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்த பிறகும் கோயிலை இடிக்க முடியாமல் சாலையை வளைத்துக் கொண்டுபோன இடங்களும் உண்டு.

தோட்டங்கள் இங்கே வந்ததில் சைக்கிளுக்கே பங்கு இருக்கிறது. 1888இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். அடுத்த பத்தாண்டில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சைக்கிள் பித்துப் பிடித்து அலைந்தன, ரப்பர் விலை ஏறியது. நெகிரி செம்பிலானை ஒட்டிய மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், டான் சாய் யான் 1896இல் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டங்களில் அது ஒன்று. கார் வந்ததும் சைக்கிள் தொடங்கிவைத்த தேவை பல மடங்கு ஆனது. காப்பி நட்டு நஷ்டப்பட்ட துரைமார் எல்லாம் ரப்பருக்கு மாறினர். 1910 முதல் டன்லப் நிறுவனமே மலாயாவில் தோட்டங்களை வாங்கத் தொடங்கியது. மரம் வெட்டவும் பால் எடுக்கவும் கங்காணிகள் சேலம், தஞ்சாவூர், திருச்சி, வட ஆர்க்காட்டுக் கிராமங்களிலிருந்து ஆளைத் திரட்டிக் கப்பலேற்றினர். 1938இல் இந்திய அரசு அந்த ஓட்டத்துக்குத் தடை போட்டது. இன்று பத்தாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் விலையுள்ள கார்பன் வண்டியில் மேலேறுபவரின் டயருக்கும் சாலையோரத்துப் பால்மரத்துக்கும் இவ்வளவு நெருங்கிய உறவு. அவர் அதை நினைப்பதில்லை. மூச்சு வாங்கும் நேரத்தில் நினைக்கவும் முடியாது.

பாரோயைத் தாண்டியதும் மலை தொடங்குகிறது. கோலாப்பிலாவுக்குப் போகும் 51ஆம் எண் கூட்டரசுச் சாலை இப்போது அகலமான புதுப் பாதையாக, பள்ளத்தாக்கின் மேல் உயர்ந்த பாலத்தோடு போகிறது. சைக்கிளுக்கு உகந்தது பழைய புக்கிட் புத்துஸ் சாலைதான். புதுப் பாதை லாரிகளையும் பேருந்துகளையும் இழுத்துக்கொண்ட பின், பழைய சாலையில் மிஞ்சியவை நிழலும் வளைவும் குரங்குகளும். வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உட்பக்கமாக ஒட்டித் திரும்பினால் சரிவு சட்டென்று செங்குத்தாகும், வெளிப்பக்கம் போனால் எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரனுக்கு வழிவிட வேண்டும். விடுமுறை நாளில் அவர்கள் இதைப் பந்தயத் தடமாக நினைத்து வருவார்கள். மழைக்குப் பிறகு தாரின் மேல் பாசியும் நனைந்த இலையும் கிடக்கும். ஏறும்போது அது தெரியாது, இறங்கும்போது பின்சக்கரம் சொல்லும்.

இந்தக் கணவாயில் 1875 டிசம்பரில் ஒரு சண்டை நடந்தது. சிரம்பான் வட்டாரமான சுங்கை ஊஜோங்கில் ஆங்கிலேயர் கை ஓங்குவதைப் பொறாத ஸ்ரீ மெனாந்தியின் ஆட்சியாளர் யாம்துவான் அந்தாவின் ஆட்கள் மேலே மரக்கோட்டை கட்டிக் காத்திருந்தனர். இந்திய ராணுவத்தின் கூர்க்காக்களோடு வந்த கேப்டன் ஜார்ஜ் நிக்கலஸ் சானர், டிசம்பர் 20 அன்று காட்டைச் சுற்றிக் கோட்டையின் பின்புறம் போய்ச் சேர்ந்தார். உள்ளே இருந்தவர்கள் காவல் வைக்காமல் சமைத்துக்கொண்டிருந்தார்கள், பேச்சுக்குரல் வெளியே கேட்டது. அவர் முதல் ஆளாக உள்ளே குதித்தார், கோட்டை விழுந்தது. அவருக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. அடுப்பில் கிடந்த சோறு யாருக்குக் கிடைத்தது என்று எந்த வரலாற்றாசிரியரும் எழுதவில்லை.

உச்சியிலிருந்து இறங்கினால் உலு பெண்டுல். ஓடையில் குளிக்க வரும் குடும்பங்களும், 825 மீட்டர் உயரமுள்ள அங்சி மலைக்கு ஏறுபவர்களும் கூடும் இடம் இது. தண்ணீர் கண்ணாடி போல் ஓடுகிறது. ஆனால் இந்த வட்டாரத்து ஓடைக்கரைகளில் ஞாயிற்றுக்கிழமை மாலை பார்க்கக்கூடாது. கோழி வறுத்த கரி, பிளாஸ்டிக் பை, குழந்தைகளின் டயாப்பர் எல்லாம் பாறைகளுக்கிடையே சிக்கி நிற்கும். அவரவர் கொண்டுவந்த காரில் திரும்பக் கொண்டுபோக இடம் இல்லாமல் போகிறது போலும். கழிப்பறைக்கு முப்பது காசு வாங்குகிறார்களே என்று முணுமுணுப்பவர்கள், காசு வாங்காத கழிப்பறையை ஒருமுறை பார்த்தால் ஐம்பது காசு கொடுப்பார்கள்.

அடுத்து வரும் தெராச்சியில் நெல்வயல், தென்னை, கொம்பு போல் நுனி உயர்ந்த மினாங்கபாவ் கூரைகள். தாய்வழிச் சொத்துரிமை கொண்ட அடாட் பெர்ப்பாத்தே வழக்கம் இந்த ஊர்களில் நிலைத்திருக்கிறது. நிலமும் வீடும் மகளுக்குப் போகும். சாலையோரச் சோற்றுக்கடைகளைப் பெண்கள் நடத்துவதைப் பார்க்கும்போது அந்த உரிமை ஏட்டில் மட்டும் இல்லை என்று தெரியும்.

இந்த வட்டத்தில் நின்று சாப்பிட வேண்டிய இடம் இதுதான். நெகிரி செம்பிலானின் அடையாளச் சமையல் ‘மசாக் லெமாக் சிலி ஆப்பி’. பச்சை மஞ்சள், தேங்காய்ப்பால், மஞ்சள் இலை, சில்லி பாடி என்னும் ஊசி மிளகாய். புளிக்குப் பதில் அசாம் கெப்பிங் என்ற காய்ந்த பழத்துண்டு. பார்வைக்கு மோர்க்குழம்பு போல் சாதுவாக இருக்கும், இரண்டாவது கவளத்தில் காது அடைக்கும். இதில் புகையில் உலர்த்திய இறைச்சியைப் போடுவார்கள். மாட்டிறைச்சியே வழக்கம், வாத்தும் கெளிறு மீனும் உண்டு. மாடு சாப்பிடாதவர்கள் வாய் திறந்து கேட்டுக்கொள்ள வேண்டும். நிறத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. கேட்டால் மக்சிக் என்று அழைக்கப்படும் கடைக்கார அம்மா கரண்டியால் சட்டியைக் கிளறிக் கெளிறைத் தேடித் தூக்கிக் காட்டுவார், முகம் சுளிக்க மாட்டார். மூங்கில் குருத்தும் மரவள்ளிக் கொழுந்தும் சேர்த்த வகை எந்தச் சங்கடமும் இல்லாமல் சோற்றோடு போகும்.

விலைதான் மர்மம். சோற்றையும் குழம்பையும் நாமே போட்டுக்கொண்டு தட்டை நீட்ட வேண்டும். மக்சிக் ஒரு பார்வை பார்த்து ஒரு தொகை சொல்வார். அதே தட்டு அடுத்த கடையில் இரண்டு வெள்ளி கூடும் அல்லது குறையும். இறுக்கமான சைக்கிள் உடையும் கறுப்புக் கண்ணாடியும் விலையை ஏற்றுகின்றன என்று சிரம்பான் ஓட்டிகள் உறுதியாகச் சொல்கிறார்கள். நாலு வார்த்தை மலாயில் பேசி, குழம்பைப் பாராட்டி, மிளகாய் காரத்தில் கண்ணீர் விட்டால் இறங்குகிறது என்பதும் அவர்கள் சொல்வதுதான். கண்ணீருக்கு நடிப்பு தேவையில்லை. சாப்பிட்டு முடித்ததும் ஒரு வாழைப்பழம் இனாமாக வரும், அதற்குக் கணக்கு இல்லை.

வழியில் பிரியும் கிளைச்சாலை ஸ்ரீ மெனாந்திக்குப் போகிறது. முந்தைய அரண்மனை ஆங்கிலேயர் படையெடுப்பில் எரிந்தது. இப்போது நிற்கும் மர அரண்மனை 1908இல் கட்டி முடிந்தது. தொண்ணூற்றொன்பது தூண்கள், ஆணி அடிக்காத வேலைப்பாடு.

கோலாப்பிலா சிறிய நகரம். நடுவில் சீனக் கலைப்பாணியில் ஒரு நினைவு வளைவு நிற்கிறது. நெகிரி செம்பிலானின் முதல் ஆங்கில ரெசிடெண்டான மார்ட்டின் லிஸ்டர் 1897இல் இறந்தபின் சீனச் சமூகத்தினர் எழுப்பியது. இங்கிருந்து தெற்கே தம்பின் போகும் பாதை வட்டத்தில் சேராது. ஆனால் சைக்கிள் வரலாறு அந்தத் திசையில் இருக்கிறது. 1942 ஜனவரி 14 அன்று கிம்மாசுக்கு அருகே கெமென்ச்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படை பதுங்கியிருந்து, சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஜப்பானியரைப் பாலத்தோடு தகர்த்தது. மலாயாவில் ஜப்பானியக் காலாட்படை பெருமளவில் இறங்கியது சைக்கிளில்தான். டயர் கிழிந்தால் வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினர். தோட்டத்தில் டயருக்கான பால் வெட்டிய தமிழர்களைப் பின்னர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனதும் அதே படைதான்.

கோலாப்பிலாவிலிருந்து வடக்கே சிம்பாங் பெர்தாங் வரை 9ஆம் எண் சாலை. ஏற்ற இறக்கம் சிறியது, வெயில் பெரியது. செம்பனை நிழல் தராது. வரிசை மாறாமல் நிற்கும் மரங்களுக்கு நடுவே அரைமணி நேரம் மிதித்தால் நகர்ந்ததாகவே தெரியாது. பால்மரக் காடு அப்படியல்ல, தரையில் இலை கிடக்கும், காற்று நுழையும். விடியலுக்கு முன் பால்வெட்டுக்குப் போன தலைமுறைக்கு அந்தக் குளிர் தெரியும். பாலை வாளியில் கட்டி சைக்கிளில் தள்ளிக்கொண்டு ஸ்டோருக்குப் போனதும் இதே மாதிரி மேட்டில்தான். அவர்கள் வண்டியில் கியர் இல்லை. பாசோ காட்டின் விளிம்பில் மட்டும் பழைய காடு எட்டிப்பார்க்கிறது. அங்கே 1980களில் ஐம்பது ஹெக்டேர் ஆய்வுத் திடல் அமைத்து மரம் மரமாக எண்ணி அளந்து வருகிறார்கள்.

கோலக்கிளவாங்கில் தண்ணீர் நிரப்பிக்கொள்ள வேண்டும். இந்த ஊர் இருக்கும் ஜெலுபு ஒரு காலத்து ஈய நாடு. இப்போது கடைத்தெரு மதியத்தில் தூங்குகிறது. அதன்பின் புக்கிட் தங்கா. இளைத்த கால்களுக்கு இது புத்துஸை விடக் கொடியது. காட்சி அழகுதான், பார்க்கத்தான் தெம்பு இருக்காது. மதியம் இரண்டுக்குப் பிறகு மழை பிடித்தால் இறக்கத்தில் பிரேக்கை நம்பக்கூடாது. அதனால்தான் சிரம்பானிலிருந்து இருட்டோடு புறப்படுகிறார்கள். இறங்கும் வழியில் ஜெராம் தோய் அருவி, பிறகு பந்தாய், சிக்காமட், போக்குவரத்து நெரிசல், சிரம்பான். இன்னும் வலு மிச்சம் இருப்பவர்களுக்கு, சிரம்பான் பக்கத்தில் சுமார் 1,200 மீட்டர் உயரத் தெலாப்பா புருக் மலையின் தொலைத்தொடர்புக் கோபுரம் வரை தார்ச்சாலை போகிறது. அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்வதே வழக்கம்.